சாப்பாடு தயாராக இருக்கிறது

ஜனவரி 18

அன்புள்ள அக்கா,

எல்லோரும் பத்திரமாக வந்து சேர்ந்தோம். பாதி வழி வரை பாட்டு, மீதி வழி முழுக்கக் குறட்டை. ஞாயிறு ஆராதனையில் வாலிபர்கள் சாட்சி சொன்னார்கள். உன் ஆஸ்பத்திரி வார்டில் கொசுவலை கட்டியது, மருந்துப் பெட்டி இறக்கியது, பொம்மலாட்டம் எல்லாம் சொல்லி, கடைசியில் கிட்டார் வாசிக்கிற நம் பெண், 'கிட்டார்' என்றே நாம் கூப்பிடுகிறவள், எழுந்து, கை வெந்த அந்தக் குட்டிப் பெண் குருவியைப் பற்றிச் சொன்னாள். குருவி தன் மடியில் உட்கார்ந்து கையை நீட்டிக் கொடுத்ததைச் சொல்லும்போது சபையில் மூக்கு உறிஞ்சாத ஆள் இல்லை. பத்து நாளில் ஆண்டவர் எவ்வளவு செய்துவிட்டார் பார்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இந்த முறை எங்களோடு வந்த கணக்கு வாத்தியார் ஞாபகம் இருக்கிறதா? அவர் சின்ன வயதில் உங்கள் பக்கம் வேலை பார்த்தவராம். அந்த ஊர் மொழி தெரியும் என்பதை எங்கள் யாரிடமும் சொல்லவில்லை. திரும்பும்போது பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்து நெளிந்துகொண்டே இருந்தார். கடைசியில் சொன்னார்: "பாஸ்டர், தப்பா எடுத்துக்காதீங்க. பிரியாவிடைக் கூட்டத்துல நீங்க பேசினது ஒண்ணு, உங்க அக்கா அவங்க பாஷையில சொன்னது வேற ஒண்ணு."

நான் சொன்னது: "உங்களை மறக்கவே மாட்டோம், மறுபடியும் வருவோம்." நீ சொன்னதாக அவர் சொன்னது: "சாப்பாடு தயாராக இருக்கிறது, தட்டை எடுத்துக்கொண்டு வரிசையில் வாருங்கள்."

அக்கா, அன்றைக்கு எல்லோரும் கை தட்டினார்கள். நான் கண் கலங்கி நின்றேன். அவர்கள் தட்டியது சோற்றுக்கா?

வாத்தியார் முன்னால் பெரிதாகச் சிரித்துச் சமாளித்துவிட்டேன். ஆனால் வந்ததிலிருந்து உறுத்துகிறது. போனில் கேட்டால் "ரவுண்ட்ஸ் இருக்கு" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். ஏன் அப்படிச் செய்தாய்?

உன் தம்பி


பிப்ரவரி 2

அன்புள்ள தம்பி,

ஆமாம், சோற்றுக்குத்தான் தட்டினார்கள். அன்றைக்குச் சாப்பாடு நேரம் தாண்டிப் போயிருந்தது. நீ பேச்சை முடிக்கிற வழியாகத் தெரியவில்லை.

வாத்தியாரிடம் சொல், ஆள் கெட்டிக்காரர். உன் ஜெபங்களை நான் ஒரு எழுத்துக்கூட விடாமல் சொல்லியிருக்கிறேன். உன் அறுவைக் கதைகளைச் சொல்லியிருக்கிறேன், உன் ஜோக்குகளுக்குச் சிரிக்கச் சொல்லிக் கண் காட்டியும் இருக்கிறேன். ஒன்றே ஒன்றைத்தான் சொல்வதில்லை. யார் "திரும்பி வருவோம்" என்றாலும் என் வாயிலிருந்து அது வெளியே வராது.

முதல் வருடம் சொன்னேன். தாடி வைத்த ஒருவன் வந்திருந்தானே, பந்து விளையாடுவானே, அவன், கால் ஒடிந்து கிடந்த ஒரு பையனிடம் சொன்னான், நான் மொழிபெயர்த்தேன். அந்தப் பையன் குணமாகி வீட்டுக்குப் போய்விட்டான். மறு வருடம் நீங்கள் வருகிற நாளைக் கேட்டு வைத்துக்கொண்டு காலையிலேயே ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்து நின்றான். பஸ் வந்தது. நீ இறங்கினாய். ஒவ்வொரு ஆளாக இறங்கினார்கள். டிரைவர் இறங்கின பிறகு அந்தப் பையன் பஸ்ஸுக்குள் ஏறி, கடைசி சீட் வரை போய்ப் பார்த்துவிட்டு வந்தான். நீ அப்போது எனக்குச் சால்வை போர்த்திக்கொண்டிருந்தாய். நான் அவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பஸ் வருகிறதடா, நான் இல்லை என்று சொல்லவில்லை. வருகிற முகங்கள் வேறு. பிள்ளைகள் பஸ்ஸுக்காகக் காத்திருப்பதில்லை.

இந்த முறை என்னை ஏமாற்றிவிட்டார்கள். உன் கிட்டார், கிளம்புகிற அன்று வார்டு ஆயாவிடம் போய் அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் அவர்கள் பாஷையிலேயே கற்றுக்கொண்டு, குருவியின் காதில் சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள். என்னிடம் கேட்டிருந்தால் தடுத்திருப்பேன்.

வெந்த தோல் ஆறும்போது சுருங்கும். தினமும் விரல்களை இழுத்து நீட்டி, ராத்திரியில் பலகை வைத்துக் கட்டினால்தான் கை கையாக இருக்கும். இல்லையென்றால் விரல்கள் மடங்கி உள்ளங்கையோடு ஒட்டிக்கொள்ளும். அந்தப் பத்து நாள் கிட்டாரின் மடியில் உட்கார்ந்து அழகாகக் கொடுத்தாள். இப்போது நான் கிட்டே போனாலே கையைச் சட்டைக்குள் விட்டுக்கொள்கிறாள். "அந்த அக்கா வருவாங்க, அவங்க மடியிலதான் பண்ணிக்குவேன்" என்கிறாள். அவள் அம்மாவால் வேலையை விட்டுவிட்டு வர முடியாது, ஞாயிறு மட்டும் வருவாள். அவள் சொல்லியும் கேட்கவில்லை. டாக்டர் தலையை ஆட்டிக்கொண்டு போகிறார்.

உன் கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டேன். இப்போது என் கேள்வி. அந்தப் பெண் வருவாளா, மாட்டாளா?

அக்கா


பிப்ரவரி 14

அக்கா,

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். ஒவ்வொரு முறையும் கோபம் கூடத்தான் செய்தது.

இத்தனை வருடம் என் வார்த்தையை என் முன்னாலேயே முழுங்கிவிட்டு, எனக்குக் குடிக்கத் தண்ணீரும் எடுத்துக் கொடுத்திருக்கிறாய். வேறு யாராவது செய்திருந்தால் முகத்தில் விழிக்க மாட்டேன். நான் என்ன பொய்யா சொன்னேன்? ஒரு வருடமாவது வராமல் இருந்திருக்கிறேனா?

நீ ஒரு பையனைப் பார்த்தாய். நான் இந்தப் பக்கத்தைப் பார்க்கிறேன். உங்கள் வார்டுக்கு வந்துவிட்டுப் போன ஒருத்தி நர்ஸ் படிப்பில் சேர்ந்தாள். ஒருவன் குடியை விட்டான். அப்பா அம்மாவோடு பேசாமல் இருந்த ஒருவன் பஸ்ஸை விட்டு இறங்கினதும் நேராக வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டான். இதெல்லாம் உனக்குக் கணக்கில் வராதா?

இன்னொன்றும் சொல்கிறேன். நீயும் ஒரு மாத முகாமுக்கு என்று போனவள்தான். "ஒரு மாசத்துல போயி என்னத்தக் கிழிக்கப் போற" என்று அப்பா குதித்தபோது, உன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஸ்டேஷனுக்கு வந்தவன் நான். அன்றைக்கு உன்னை மாதிரி ஒருத்தி அங்கே வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தால் நீ தங்கியிருப்பாயா?

கிட்டாருக்கு இப்போது லீவு கிடையாது, புதிதாக வேலையில் சேர்ந்திருக்கிறாள். குருவிக்கு ஒரு வீடியோ அனுப்பச் சொல்லியிருக்கிறேன். அதைக் காட்டு. அதையாவது முழுசாக மொழிபெயர்.

தம்பி


மார்ச் 3

அன்புள்ள தம்பி,

கோபத்தில்கூட உன் கையெழுத்து மாறவில்லை, கோழி கிளறின மாதிரியே இருக்கிறது.

வீடியோவைக் காட்டினேன். பாட்டையும் பேச்சையும் முழுசாகச் சொன்னேன். குருவி போனுக்கு முத்தம் கொடுத்தாள், வார்டு முழுக்க எடுத்துக்கொண்டு போய்க் காட்டினாள், பிறகு என்னிடம் வந்து "எந்த நாள்?" என்று கேட்டாள். அதற்கு அந்த வீடியோவில் பதில் இல்லை. இப்போது தினமும் காலையில் கேட்கிறாள். சுண்டுவிரலும் அதற்கு அடுத்ததும் மடங்க ஆரம்பித்துவிட்டன. ஏப்ரல் கடைசிக்குள் நீளவில்லையென்றால் மறுபடியும் கீறித் தொடைத்தோலை எடுத்து ஒட்ட வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஒருமுறை அதைத் தாங்கின பிள்ளை. அந்த அறைக் கதவைப் பார்த்தாலே ஒன்றுக்குப் போய்விடுகிறாள்.

நீ சொன்னதை யோசிக்காமல் இல்லை. நான் ஒரு மாதத்துக்கு வந்தவள்தான், மறுக்கவில்லை. ஆனால் நான் யாரிடமும் தங்குவேன் என்று சொல்லவில்லை. மாதம் முடிந்த அன்று பாதி கட்டுப் போட்ட ஒரு ஆள் இருந்தார், அவருக்காக மறுநாளும் வந்தேன். அதற்கு மறுநாள் இன்னொருவர். இப்படியே தலை நரைத்துவிட்டது.

உன் ஆட்களால் ஒன்றுமே ஆகவில்லை என்றும் சொல்ல மாட்டேன். ஒரு வருடம் உன்னோடு ஒரு பிளம்பர் வந்தார். எல்லோரும் பாடிக்கொண்டிருந்தபோது அவர் ஆபரேஷன் அறை சிங்க்குக்கு அடியில் படுத்துக் கிடந்தார். இன்றைக்கும் அந்தக் குழாயில்தான் டாக்டர் கை கழுவுகிறார். கொசுவலையும் நல்ல காரியம்தான். ஆனால் உன் நர்ஸ் கதையும் குடியை விட்டவன் கதையும் எனக்கு உதைக்கின்றன. உன் பிள்ளைகள் குணமாவதற்கு என் வார்டு மருந்து என்றால் தாராளமாக இருக்கட்டும். அதை வெளிப்படையாகச் சொல்லிவிட்டு வா. நோயாளி யார், மருந்து யார் என்று தெரியாமல் குழப்பாதே.

இதையும் சொல்லிவிடுகிறேன், ரொம்ப நாளாக நெஞ்சில் இருக்கிறது. வருடா வருடம் வருகிறாய். ஒருமுறைகூட என் வீட்டுக்கு வந்ததில்லை. ஆஸ்பத்திரிக்கு வந்து, எனக்குச் சால்வை போர்த்தி, என்னோடு போட்டோ எடுத்துக்கொண்டு போகிறாய். மற்றவர்களிடம் "இவங்க எங்க அக்கா" என்று காட்டுகிறாய். எனக்கு முட்டி வலி வந்து நான் நொண்டுவதை இந்த வருடம் கணக்கு வாத்தியார்தான் கேட்டார், நீ கேட்கவில்லை.

அக்கா


மார்ச் 20

அன்புள்ள அக்கா,

முட்டி எப்படி இருக்கிறது? கேட்க வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் கேட்கிறேன்.

கிட்டாரைக் கூப்பிட்டு நேரில் பேசினேன். உன் கடிதத்தில் குருவியைப் பற்றி எழுதின பக்கத்தை மட்டும் படிக்கக் கொடுத்தேன். படித்துவிட்டுத் தாளை மடித்து என் கையில் திருப்பிக் கொடுத்தாள். அப்புறம் சொன்னாள்: "அவ அழுதுக்கிட்டே இருந்தா பாஸ்டர். எனக்கு அந்த அழுகை நிக்கணும்னு இருந்துச்சு. வேற என்ன சொல்றதுன்னு தெரியல."

"போக முடியுமாம்மா?" என்று கேட்டேன். லீவு இல்லை என்றுதான் ஆரம்பித்தாள். முடிக்கும்போது, "பயமா இருக்கு, அந்தக் கையை இப்பப் பாக்க முடியாது" என்றாள். நான் அவளைத் திட்டவில்லை. திட்ட எனக்கு யோக்கியதை இல்லை. பிரியாவிடை என்றால் கடைசியில் அந்த வாக்கியத்தைச் சொல்ல வேண்டும் என்பதை அவள் யாரைப் பார்த்துக் கற்றுக்கொண்டாள்? வருடா வருடம் நாற்காலி மேல் ஏறி நின்று சொன்னவன் நான்தானே.

போன ஞாயிறு அடுத்த பயணத்துக்குப் பெயர் கொடுக்கச் சொல்லி அறிவிக்க வேண்டியிருந்தது. மைக்கைப் பிடித்தேன். "நம்மை எதிர்பார்த்துக் காத்திருக்கிறார்கள்" என்பது வரை வந்துவிட்டு, அதற்கு மேல் வாய் வரவில்லை. மின்சாரம் போய்விட்டதாக நினைத்து ஒருவர் மைக்கைத் தட்டிப் பார்த்தார்.

அக்கா, நான் தனியாக வருகிறேன். எனக்கு விரல் இழுக்கத் தெரியாது, அவர்கள் பாஷை தெரியாது. வந்து என்ன செய்ய வேண்டும், என்ன கொண்டு வர வேண்டும் என்று எழுது.

தம்பி


ஏப்ரல் 1

அன்புள்ள தம்பி,

ஒன்றும் கொண்டு வராதே. பலூன், மிட்டாய், பொம்மை, எதுவும் வேண்டாம். மாற்று உடை போதும்.

வந்து குருவியிடம் அந்தப் பெண் வர மாட்டாள் என்று சொல். அவ்வளவுதான் வேலை.

"நீயே சொல்லக்கூடாதா" என்று கேட்பாய். சொல்லிப் பார்த்தேனடா. போன வாரம் உட்கார வைத்து, மெதுவாக, "அந்த அக்கா வர மாட்டாங்க" என்றேன். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "நீங்க தினமும் வலிக்காது, வலிக்காதுன்னு சொல்றீங்க. தினமும் வலிக்குது. நீங்க சொல்றது எதையும் நம்ப மாட்டேன்."

இத்தனை வருடமாக எத்தனை பிள்ளைகளிடம் அதைச் சொல்லியிருப்பேன் என்று யோசித்துக்கொண்டே அன்று மற்ற வேலைகளைப் பார்த்தேன். அழுகை நிற்க வேண்டும் என்றுதான் நானும் சொல்கிறேன். உன் கிட்டாரை ரொம்பத் திட்ட முடியவில்லை.

நீ சொன்னால் நம்புவாள். அவளைப் பொறுத்தவரை நீ பஸ் மாமா. அந்த அக்காவைப் பஸ்ஸில் ஏற்றிக் கொண்டு வந்ததும் நீ, திரும்ப ஏற்றிக் கொண்டு போனதும் நீ. வர மாட்டாள் என்று நீ சொன்னால்தான் அது செல்லும். ஒரு வார்த்தை விடாமல் நான் மொழிபெயர்க்கிறேன். இதுதான் உன் ஊழியப் பயணங்களிலேயே சின்னது. போட்டோ எடுக்க ஆள் இருக்காது.

என் வீட்டில்தான் தங்க வேண்டும். கட்டில் ஒன்றுதான் இருக்கிறது, நீ படுத்துக்கொள். உன் எடையைத் தாங்குமா என்று தெரியாது.

முட்டி அப்படியேதான் இருக்கிறது.

அக்கா


ஏப்ரல் 24

அன்புள்ள அக்கா,

வந்து சேர்ந்துவிட்டேன். தாடையில் வீக்கம் வடிந்துவிட்டது, தொட்டால் மட்டும் வலிக்கிறது. கைக்குக் கட்டுகிற பலகை அவ்வளவு கனமாக இருக்கும் என்று நினைக்கவில்லை. குருவி இடது கையால் எறிந்தே இப்படியென்றால்.

இங்கே எல்லோரும் என்ன நடந்தது என்று கேட்கிறார்கள். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. பிரசங்கம் செய்தே பிழைக்கிறவன், "அந்த அக்கா வர மாட்டாங்க" என்று ஒரு வரி சொல்ல நான் பட்ட பாட்டை நீ பார்த்தாயே. அதை நீ அவர்கள் பாஷையில் சொன்னபோது ரொம்பச் சின்னதாக இருந்தது. சேர்ந்தாற்போல நான் ஆரம்பித்த விளக்கங்களையும் நீ விடாமல் சொன்னாய். "புது வேலை, லீவு இல்லை, அவங்களுக்கு உன் மேல பிரியம்தான்" என்றெல்லாம். குருவி அதையெல்லாம் கேட்கவே இல்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு "நீங்க?" என்றாள்.

"நான் கண்டிப்பா" என்று வாய் ஆரம்பித்துவிட்டது. பழக்க தோஷம். உன்னைப் பார்த்தேன். நீ தலையை ஆட்டவும் இல்லை, கண் காட்டவும் இல்லை. நான் எதைச் சொன்னாலும் அப்படியே மொழிபெயர்த்துவிடுவேன் என்கிற மாதிரி சும்மா நின்றாய். அதனால்தான் "தெரியல" என்று சொன்னேன். அதற்கப்புறம்தான் பலகை வந்தது.

அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டதைப் பார்த்துவிட்டுக் கிளம்பினது மனதை அறுக்கிறது. கெடுத்துவிட்டேனோ என்று பயமாக இருக்கிறது. ஏப்ரலும் முடியப் போகிறது. எப்படி இருக்கிறாள் என்று எழுது, நல்ல செய்தி இல்லையென்றாலும் எழுது.

சபைக் கமிட்டியில், நீ யார் வேண்டும், எதற்கு வேண்டும் என்று எழுதிக் கேட்கிற வரை பஸ் கிடையாது என்று சொல்லிவிட்டேன். "அப்ப வாலிபர்களுக்கு என்ன ப்ரோக்ராம்?" என்றார் தலைவர். என் விசுவாசம் குளிர்ந்துபோய்விட்டது என்று பின்னால் பேசிக்கொள்கிறார்கள். வேலை இருக்குமா என்று தெரியாது. பார்ப்போம்.

உன் வீட்டைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். முதல் நாள் எனக்குத் தட்டில் போட்டுக் கொடுத்துவிட்டு, நீ பாத்திர மூடியைத் திருப்பி வைத்து அதில் சாப்பிட்டாய். ஏன் என்று அப்போது புரியவில்லை. கழுவி வைக்கப் போனபோதுதான் பார்த்தேன், வீட்டில் இருந்ததே ஒரே தட்டு. வருடா வருடம் நூறு பேருக்குத் தட்டுப் போட்டோம் என்று சபையில் சொல்லியிருக்கிறேன். என் அக்கா தனியாகச் சாப்பிடுகிறாள் என்பது எனக்குத் தெரியாது. பஸ் ஸ்டாண்டில் "எப்போது வருவாய்" என்று நீ கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. பஸ் திரும்புகிற வரை நீ நின்றுகொண்டிருந்தது தெரிந்தது.

தம்பி


மே 30

அன்புள்ள தம்பி,

தாமதமாக எழுதுகிறேன். எழுத ஏதாவது இருக்கட்டும் என்று காத்திருந்தேன்.

நீ போன பிறகும் குருவி சுவரைப் பார்த்துத்தான் படுத்திருந்தாள். சாப்பிட மட்டும் திரும்புவாள். ஆயாவுக்கு உன் மேல் கோபம், எனக்கும் பயம்தான். ஆனால் "எந்த நாள்?" என்று கேட்பதை விட்டுவிட்டாள்.

ஒரு காலையில் எண்ணெயோடு போய்க் கட்டிலில் உட்கார்ந்தேன். வழக்கமான வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. முழுங்கிவிட்டு, "வலிக்கும்" என்றேன்.

திரும்பிப் பார்த்தாள். "எவ்வளவு?"

"ரொம்ப. கத்தணும்னா கத்திக்கோ. திட்டணும்னா திட்டிக்கோ."

"யாரை வேணா திட்டலாமா?"

"யாரை வேணா."

சட்டைக்குள்ளிருந்து கையை எடுத்து என் மடியில் வைத்தாள். நான் இழுக்க, அவள் திட்டினாள். கிட்டாரைத் திட்டினாள், உன்னைத் திட்டினாள், டாக்டரை, என்னை, தீப்பெட்டி கண்டுபிடித்தவனை. அவள் சொன்னதில் பாதி எனக்கே புதுசு. அதை மட்டும் உனக்கு மொழிபெயர்க்க மாட்டேன், நீ பாஸ்டர். இப்போது தினமும் இதுதான் முறை. பக்கத்துக் கட்டில்காரர்களும் சேர்ந்துகொள்கிறார்கள். டாக்டர் ரவுண்ட்ஸ் நேரத்தை மாற்றிக்கொண்டார்.

ஏப்ரல் தாண்டிவிட்டது, கத்தி வைக்கவில்லை. இன்னும் பார்க்கலாம் என்கிறார் டாக்டர். சுண்டுவிரல் முழுசாக நீளாது, அது போனது போனதுதான். நீ ஜனவரியில் பஸ்ஸில் ஏறினபோது நேராக இருந்த விரல் அது. அதை மறக்க வேண்டாம், நானும் மறக்கவில்லை. மற்ற விரல்களால் போன வாரம் சீப்பைப் பிடித்துத் தானே தலை வாரிக்கொண்டாள். வகிடு கோணலோ கோணல். ஆயா உட்கார்ந்து அழுதாள், நானும்தான்.

உனக்கு ஒரு செய்தி சொல்லி அனுப்பினாள். ஒரு வார்த்தை விடாமல் எழுதுகிறேன்: "பஸ் மாமாவுக்குத் தாடை சரியாயிடுச்சான்னு கேளுங்க. சரியாயிருந்தா இன்னொரு பலகை இருக்குன்னு சொல்லுங்க." சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

கமிட்டித் தலைவரிடம் கொடுக்க ஒரு தாள் இதோடு வைத்திருக்கிறேன். அந்தப் பிளம்பர், கைப்பலகை செய்யத் தெரிந்த ஒரு தச்சர், ஆறு மாதம் தங்க முடிகிற ஒரு நர்ஸ். நர்ஸ் படிப்பில் சேர்ந்தாளே உன் ஆள், அவள் முடித்திருந்தால் அவளே வரட்டும். பாட்டுக்காரர்கள் வேண்டுமென்றால் வரலாம், வலிக்கும்போது கூடச் சேர்ந்து கத்தத் தயாராக இருந்தால்.

சந்தைக்குப் போனபோது ஒரு தட்டு வாங்கினேன். என்னுடையதை விடக் கொஞ்சம் பெரிசு, உன்னை நினைத்துத்தான் எடுத்தேன். எப்போது வருவாய் என்று நான் கேட்க மாட்டேன், வருகிறேன் என்று நீயும் எழுதாதே. வந்தால், சாப்பாடு தயாராக இருக்கும்.

அக்கா